இலைக்கு மேல் ஒரு கை

சிம்மக்கல் மெஸ்ஸில்
இலைக்கு மேல் கை குறுக்கே வந்தால்
நிறுத்தக் கூடாது.
விரல் இடுக்குப் பார்த்துச் சாம்பாரை இறக்க வேண்டும்,
கையில் ஒரு சொட்டுப் படாமல்.
பதினோரு வருஷத்தில் நான் சேர்த்த சொத்து அது.
முதலாளி புது ஆட்களிடம் சொல்வார்:
"தவமணி பரிமாறுனா
போதும்னு சொல்ல எவனுக்கும் வாய் வராது."

அந்தக் கையோடுதான் செல்லூருக்குத் திரும்புகிறேன்
சட்டையில் ரச வாசனையோடு.
பாண்டிச்செல்வி தையல் மெஷினில் உட்காருவாள்.
ராத்திரிச் சோறு ஊட்டுவது என் முறை.

இதழினிக்கு ஒன்றே முக்கால் வயசு.
அவளுக்கு நான் வைத்தது
ஒரு கரண்டிச் சோறு. மெஸ் கரண்டி.
அதன்மேல் பருப்பு, நெய், முழு முட்டை.
எதிர்வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று
இன்னும் அரைக் கரண்டி.

ஐந்து வாய் வாங்கினாள்.
ஆறாவதற்கு முகத்தைத் திருப்பினாள்.
செல்போனில் யானை காட்டினேன்,
அசந்து வாயைத் திறந்தாள், திணித்தேன்.
ரயில் காட்டினேன், திணித்தேன்.
எட்டாவது வாயைக் கன்னத்திலேயே வைத்திருந்தாள்
ஒன்பதே முக்கால் வரைக்கும்,
அடகு வைத்த நகை மாதிரி.

அங்கன்வாடியில் எடை போட்டார்கள்.
பத்துக் கிலோ இருநூறு.
அட்டையில் புள்ளி கோட்டுக்குள்தான் இருந்தது.
எனக்குத்தான் ஆறவில்லை.
"சாப்பிடவே மாட்டேங்குறா மேடம்."
ரெஜினா மேடம்
இவள் கையைப் பிடித்து விரல்களை மடக்கினார்.
ஒரு நாட்டுத் தக்காளி, அதிலும் சிறுசு.
"வயிறு இம்புட்டுத்தான் அண்ணே.
நீங்க எம்புட்டு வைக்கிறீங்க?"

பிறகு பால் எத்தனை டம்ளர் என்றார்.
நாலு.
பிஸ்கட்?
அதெல்லாம் சாப்பாட்டில் சேராதே என்றேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
பின்னால் நின்ற அம்மாக்களும் சிரித்தார்கள்.

கீழவாசலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கினேன்.
இதில் பொரியல் வைத்தால்
எங்கள் மெஸ்ஸில் சண்டைக்கு வருவார்கள்.
இரண்டு ஸ்பூன் சோறு,
முருங்கைக்கீரைப் பருப்பு ஒரு ஸ்பூன்,
முட்டையில் பாதி.
செல்போன் அரிசி டின்னுக்குள்.
கேட்டால் இன்னும் வைக்கலாம், கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தலைமுடிக்கு ஊட்டினாள்,
தரைக்கு ஊட்டினாள், மிச்சம் மூன்று வாய்.
புதன்கிழமை ஒரு வெள்ளரித் துண்டு, அவ்வளவே.
நான்தான் அன்றைக்குப் பட்டினி கிடந்தவன் மாதிரி
ராத்திரியெல்லாம் புரண்டேன்.
வியாழக்கிழமை இரண்டு இட்லி தின்றுவிட்டு
மூன்றாவதற்குக் கிண்ணத்தால் தரையைத் தட்டினாள்.
கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்துக் கத்தினார்.
தட்டட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை
நாலு வாய் ஆனதும்
கிண்ணத்துக்கு மேல் கையை விரித்தாள்.
யாரும் சொல்லித் தரவில்லை.
பருப்பு ஒட்டிய ஐந்து விரல்.
அந்த இடுக்கு எனக்குத் தெரியும்.
ஒரு ஸ்பூன் இறக்கலாம்,
அவளுக்கே தெரியாமல்.

கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தேன்.
"முடிஞ்சிருச்சா?" என்றாள் பாண்டிச்செல்வி
மெஷினை நிறுத்தாமல்.
முடிந்துவிட்டது என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் பந்தியில் ஒருத்தர் கை குறுக்கே வந்தது.
கரண்டி நின்றது.
முதலாளி கல்லாவிலிருந்து பார்த்தார்.
பதறி ஊற்றினேன்.
அவர் வாட்ச் முழுக்கச் சாம்பார்.

அன்று ராத்திரி கரண்ட் போயிருந்தது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
சிறுமலைப் பழம் உரித்துக் கொடுத்தேன்.
பாதி தின்றாள்.
மீதியை என் வாய்க்கு நீட்டினாள்.
வாங்கினேன். மறுபடி நீட்டினாள்.
போதும் பாப்பா என்று
கையைக் குறுக்கே வைத்தேன்.

விரல் இடுக்கைப் பார்த்தாள்.
திணித்தாள்.